நாற்பது அடி

சுவர் வெளிப்பக்கமாக விழுந்தது, நாற்பது அடி.
பெருமாள்மலை ரோட்டிலிருந்து பார்த்தால்
இப்போது எங்கள் கொடிக்கயிறு தெரியும்.
பனியில் காயாமல் விட்ட பதினொரு உள்பாவாடை.
ஓடிப்போய் முதலில் அவற்றைத்தான் உருவினார்
சகோதரி தயாளம்,
நெற்றியில் ரத்தம் வழிய.

விடியல் செபத்துக்கு நேரமாகும் முன்பே
மணி தானாக அடித்தது.
யார் இவ்வளவு அவசரமாக என்று நினைத்தேன்.
பிறகு என் கட்டில் கதவைப் பார்த்து நகர்ந்தது.
பிறகு அப்பம் சுடும் அறையின் கூரை,
மாவு கலக்கப் போயிருந்த
எமரென்சியாவின் மேல்.

பத்தொன்பது வருடம் சுழல்பெட்டி என் பொறுப்பு.
சுவரில் பதித்த மரப் பீப்பாய், ஒரே ஒரு வாய்.
வெளியிலிருந்து கேரட் வைத்துச் சுற்றினால்
உள்ளே என் கைக்கு வரும்.
காசு வைத்துச் சுற்றினால் அங்கே போகும்.
எனக்கு மச்சக்காளை என்பது ஓர் இருமல்,
கொஞ்சம் பீடி வாசம்,
"சிஸ்டர், இன்னிக்கு பீன்ஸ் முத்தல்."
அவருக்கு நான் ஒரு "ஆண்டவருக்கு நன்றி."
அதற்கு மேல் இருவருக்கும் தேவைப்பட்டதில்லை.

அன்றைக்குச் செங்கல் குவியலைத் தாண்டி முதலில் வந்தவர்
என்னைவிடக் குள்ளம்.
இருமினார். தெரிந்துவிட்டது.
முக்காட்டை இழுக்க மறந்து நின்றேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"எந்த ரூம்?" என்றார்,
கையில் கடப்பாரை.

நாற்பத்தாறு வருடமாக இந்த அடைப்புக்குள்
ஆயரும் டாக்டரும் தவிர ஆண் கால் பட்டதில்லை.
பிளம்ஸ் மரத்தடியில் குழி வெட்டியவர்களுக்கு
இருபத்தேழு டம்ளர் டீ.
கழுவக் கழுவ மண் வந்தது.

பேழை நசுங்கிப் போனதால்
ஆண்டவர் மூன்று நாள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தார்,
காதர் மைதீன் கொடுத்த நீலத் தார்ப்பாயின் கீழே.
ஒன்றும் சொல்லவில்லை.
மலைகள் நடுங்குகிற திருப்பாடல் வந்தபோது மட்டும்
மதர் இஞ்ஞாசியா
இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டினார்.

பண்ணைக்காட்டுப் பங்கிலிருந்து ஆள் வந்து
ஞாயிறுக்கு அப்பம் கேட்டார்.
எமரென்சியா கலக்கிய மாவு
சட்டியில் காய்ந்து கிடந்தது,
நாலு விரல் தடத்தோடு.
இல்லை என்றேன்.

இரவில் மறுபடி அசையும்.
முதலில் நாய்கள், பிறகு தகரம், பிறகு நாங்கள்.
கன்னியாஸ்திரிகள் பக்கத்தில் பத்திரம் என்று
பூவாயி ஆட்டோடு வந்து படுத்தாள்.
அவள் குறட்டை கேட்டால்தான்
எனக்குத் தூக்கம் வந்தது.

ஆறாம் வாரம் மதர் மொச்சை கொண்டுவந்தார்.
சுவர் வேண்டுமென்றால் வெள்ளை, வேண்டாமென்றால் கறுப்பு.
நான் வெள்ளை போட்டேன். யாருக்கும் தெரிந்தால் தெரியட்டும்.
மண் உனக்குச் சிறையா என்று
உருளைக்கிழங்கிடம் யாரும் கேட்பதில்லை.
அங்கேதான் அது பருக்கிறது.
ஆனால் பானைக்குள் கைவிட்டபோது
பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக
கறுப்பு எது என்று தடவிப் பார்த்தேன்.
தொட்டால் இரண்டும் ஒன்றுதான்.

ஏழு வெள்ளை, மூன்று கறுப்பு.
யார் என்று கேட்பது வழக்கமில்லை.
அன்றிரவு தயாளம் சாப்பிடவில்லை.

இப்போது சுவர் இடுப்பளவு.
சுழல்பெட்டி செய்ய வத்தலக்குண்டு ஆசாரி
தைப்பூசம் கழியட்டும் என்கிறார்.
காலையில் மச்சக்காளை வருகிறார்,
திரும்பி நின்றுகொண்டு
ரோட்டைப் பார்த்துச் சொல்கிறார்:
"சிஸ்டர், பீன்ஸ் முத்தல்."
நான் பிளம்ஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டு
ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இருமல் முன்னைவிட மோசம்.
காலிக் கூடையில் மருந்து பாட்டில் ஒன்று வைத்தேன்.
சுற்ற ஒன்றும் இல்லாததால்
கையால் தள்ளினேன்.